சாலைக்கு இறங்கிய டர்பைன்

1940களில் விமானங்களின் பிஸ்டன் எஞ்சினை ஓரங்கட்டத் தொடங்கிய கேஸ் டர்பைன், வெகுவிரைவில் காரிலும் அதே இடத்தைப் பிடித்துவிடும் என்று பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் பொறியாளர்கள் பலர் உறுதியாக நம்பினர். அந்த நம்பிக்கைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அதன் பின்னால் பெரும் உழைப்பும் இருந்தது. 1950ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் டர்பைன் பொருத்திய கார்கள் லெ மான், இண்டியானாபொலிஸ், மோன்சா ஆகிய புகழ்பெற்ற பந்தயத் தடங்களில் ஓடின, அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டு வாசல்களில் நின்றன, உப்பு ஏரியின் மீது உலகச் சாதனை படைத்தன. ஆயினும் பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கத்தக்க டர்பைன் கார் ஒன்றுகூடத் தொடர் உற்பத்திக்கு வரவில்லை. இத்தனை அருகில் வந்து இவ்வளவு முழுமையாக விலகிப்போன எஞ்சின் மோட்டார் வாகன வரலாற்றில் வேறொன்று இல்லை எனலாம். அது விலகியதற்கான காரணத்தை அறிய, அது வேலை செய்யும் விதத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

கேஸ் என்ற சொல் இங்கே சமையல் எரிவாயுவைக் குறிப்பதன்று. எரிதலால் சூடேறி விரியும் காற்றையும் புகையையுமே குறிக்கிறது. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்தத் துருத்தியை உலைத்தீயே ஊதிக்கொள்ளுமாறு செய்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட அமைப்பே கேஸ் டர்பைன். முன்புறத்தில் உள்ள அமுக்கி என்னும் சுழல்சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று எரிகலன் என்னும் அறைக்குள் நுழைய, அங்கே எரிபொருள் இடைவிடாமல் தெளிக்கப்பட்டு எரிகிறது. சூடேறிய வாயு விரிந்து, மின்விசிறியின் இறக்கைகளைப் போல நெருக்கமாக இறக்கைகள் பதித்த டர்பைன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. டர்பைன் சக்கரமும் அமுக்கியும் ஒரே சுழல்தண்டில் இருப்பதால், டர்பைன் சுழலச் சுழல அமுக்கியும் சுழன்று, தீக்குத் தேவையான காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்களும் ஒரே உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. டர்பைனில் அவை நான்கும் தத்தம் இடத்தில் ஒரே நேரத்தில், ஓர் ஆற்றின் ஒழுக்கைப் போல நடந்துகொண்டே இருக்கின்றன.

காருக்கு உருவாக்கப்பட்ட டர்பைன்கள் பெரும்பாலும் இரண்டு தண்டுகள் கொண்டவை. மேலே சொன்ன அமுக்கியும் அதை இயக்கும் டர்பைனும் முதல் தண்டில் இருக்க, அங்கிருந்து வெளிவரும் சூடான வாயு, முதல் தண்டோடு எந்த உலோக இணைப்பும் இல்லாத இரண்டாவது டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காரின் சக்கரங்களோடு பல்சக்கரங்கள் வழியாக இணைக்கப்பட்டிருப்பது இந்த இரண்டாவது சக்கரமே. இரண்டு மேசைவிசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் மின்சாரத்தில் ஓடவிட்டால் மற்றொன்று அதன் காற்றில் தானே சுழல்வதை இதற்கு ஒப்பிடலாம். இரண்டாவது விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி நிற்பதில்லை. அதுபோல, கார் சிக்னலில் அசையாமல் நிற்கும்போதும் முதல் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். இதனால் கிளட்ச் தேவையில்லை, பல படிகள் கொண்ட கியர்பெட்டியும் இன்றியமையாததன்று. அதைவிடச் சிறப்பு, கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில்தான், அதாவது முறுக்குவிசை மிகுதியாகத் தேவைப்படும் வேளையில்தான், டர்பைன் தன் பெரும முறுக்குவிசையைத் தருகிறது. மேலும் கீழுமாக அடிக்கும் பிஸ்டன்கள் இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு. தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டியதில்லை. ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் எஞ்சினைத் தொடக்கி வைத்தால் போதும், அதன்பின் தீ அணையாமல் எரியும். மண்ணெண்ணெய், டீசல், தாவர எண்ணெய் என எரியக்கூடிய எத்திரவத்தையும் அது பெரிதும் பேதம் பாராமல் ஏற்றுக்கொள்ளும்.

இந்த எஞ்சினைக் காரில் முதன்முதலில் பொருத்தியவர்கள் ரோவர் நிறுவனத்தார். பிரிட்டனில் ஜெட் எஞ்சினை உருவாக்கிய ஃபிராங்க் விட்டிலின் வடிவமைப்பைப் போர்க்காலத்தில் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் பொறுப்பு இந்நிறுவனத்திடம்தான் முதலில் ஒப்படைக்கப்பட்டது. விட்டிலோடு உறவு கசந்ததால், 1943இல் அந்தப் பணி ரோல்ஸ்-ராய்ஸுக்குக் கைமாறி, அதற்கு ஈடாகப் பீரங்கி வண்டிகளின் எஞ்சினைத் தயாரிக்கும் பணி ரோவருக்கு வந்தது. ஜெட் எஞ்சின் கைவிட்டுப் போனாலும் அதைப் பற்றிய அறிவு ரோவரின் பொறியாளர்களிடம் தங்கிவிட்டது. மாரிஸ் வில்க்ஸின் தலைமையில் அவர்கள் உருவாக்கிய ஜெட் 1 என்னும் திறந்த இரண்டிருக்கைக் கார், 1950 மார்ச்சில் பொதுப்பார்வைக்கு வந்தது; இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின், அதன் மேல்தளத்தில் புகை வெளியேறும் வாய்கள் என அமைந்த அது, உலகின் முதல் கேஸ் டர்பைன் கார். 1952 ஜூனில் பெல்ஜியத்தின் ஜாபெக்கே நெடுஞ்சாலையில் அது மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தை எட்டியது. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கார், லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான் ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பெரும்பசிக்குக் காரணம் வடிவமைப்பாளர்களின் கவனக்குறைவு அன்று. டர்பைனின் கணக்கே அத்தகையது. டர்பைன் சக்கரங்கள் உண்டாக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அமுக்கியே விழுங்கிவிடுகிறது. எஞ்சும் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, டர்பைன் 400 குதிரைத்திறனை உண்டாக்குகிறது, அமுக்கி அதில் 270ஐ எடுத்துக்கொள்கிறது, மீதம் 130 என்று வைத்துக்கொள்வோம். டர்பைன் இறக்கைகளின் செயல்திறன் நூற்றுக்கு 5 குறைந்து 380ஆகிறது, அமுக்கியின் குறைபாட்டால் அதன் தேவை நூற்றுக்கு 5 கூடி 283.5ஆகிறது என்றால், மீதம் 96.5ஆகச் சுருங்கிவிடும். இருபுறமும் வெறும் 5 விழுக்காடு பிசகினால், கையில் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு பறிபோகிறது. இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான சிறிய வேறுபாட்டை நம்பி வாழும் எந்திரத்துக்கு, ஒவ்வொரு சிறு கசிவும் பெருநட்டமே.

விமான எஞ்சினில் இந்தக் கசிவு அவ்வளவாகத் தெரிவதில்லை; கார் எஞ்சினிலோ அது தவிர்க்க முடியாதது. சுழலும் இறக்கையின் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி கட்டாயம் விடப்பட வேண்டும், இல்லையெனில் சூட்டில் நீளும் இறக்கை உறையில் உரசிவிடும். இறக்கையின் உயரம் சாண் அளவிருக்கும் பெரிய எஞ்சினில் மயிரிழை இடைவெளி ஒரு பொருட்டன்று. இறக்கையே விரல்நுனி அளவுக்குச் சிறுத்துவிட்ட கார் எஞ்சினில், இடைவெளியை அதே விகிதத்தில் சிறிதாக்க முடியாததால், காற்றில் கணிசமான பங்கு வேலை செய்யாமல் நழுவிப்போகிறது. சக்கரம் சிறுத்தாலும் அதன் விளிம்பின் வேகம் குறையக்கூடாது என்பதால் சுற்றுகளின் எண்ணிக்கையும் ஏறுகிறது. நிமிடத்துக்கு 40,000 சுற்றுகளுக்கு மேல் என்பது இந்த எஞ்சின்களில் வழக்கமான அளவு.

இவற்றையெல்லாம்விட ஆழமான இடர், முழுத்திறனில் ஓடாதபோது டர்பைன் காட்டும் ஊதாரித்தனம். விமானம் மேலெழுந்து ஓர் உயரத்தை அடைந்த பிறகு மணிக்கணக்கில் ஒரே சீரான திறனில் பறக்கிறது. டர்பைனுக்கு உகந்த வாழ்க்கை அதுவே. கார் அப்படி வாழ்வதில்லை. 130 குதிரைத்திறன் கொண்ட கார், நகருக்குள் ஊர்ந்து செல்கையில் பதினைந்து இருபது குதிரைத்திறனுக்கு மேல் கேட்பது அரிது. சிக்னலில் நிற்கையில் எதையுமே கேட்பதில்லை. ஆனால் வண்டி நின்றாலும் அமுக்கி நிற்க முடியாது. அது மெதுவாகச் சுழன்றால் காற்று போதிய அளவு நெருங்குவதில்லை, நெருங்காத காற்றில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாக வெளியேறுகிறது. மாறாத ஓட்டத்துக்கென்று பிறந்த எஞ்சினை, நிற்பதும் கிளம்புவதும் வளைவதுமாக நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும் ஊர்தியில் பூட்டியதே, பின்னர் நேர்ந்த எல்லாவற்றுக்கும் வேர்.

அமெரிக்காவில் இத்துறையில் முதலில் கண்ணைக் கவர்ந்தவை ஜெனரல் மோட்டார்ஸின் ஃபயர்பேர்ட் கார்கள்; 1954இல் காட்சிக்கு வந்த முதல் ஃபயர்பேர்ட், சிறகும் வாலும் வைத்த போர்விமானத்தைத் தரையில் இறக்கிவிட்டது போன்றிருந்தது. அதே 1954இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் தன் டர்பைன் காரை டூரினில் உள்ள லிங்கொட்டோ தொழிற்சாலையின் கூரைமேல் அமைந்த ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்தது. 1956இல் பிரான்ஸின் ரெனோ நிறுவனம் எத்துவால் ஃபிலாந்த் என்ற காரை அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் மணிக்கு 308 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்திக் காட்டியது. இவை யாவும் எஞ்சின் ஓடும் என்பதை மெய்ப்பித்தனவே தவிர, எரிபொருளை அது வீணாக்காமல் ஓடுமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

அக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் கிரைஸ்லர் நிறுவனத்தின் ஜார்ஜ் ஹூப்னர். அவருடைய குழுவினர் நம்பியது வெப்பப் பரிமாற்றியை. டர்பைனைக் கடந்து வெளியேறும் புகை பல நூறு பாகை சூட்டோடு போகிறது. மறுபுறம், அமுக்கியிலிருந்து எரிகலனுக்குள் நுழையும் காற்றோ அதைவிட மிகக் குறைந்த சூட்டில், ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் இருக்கிறது. வெளியேறும் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஊட்டிவிட்டால், அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம். இதற்காக, தேனடையைப் போல நுண்துளைகள் நிறைந்த உலோகச் சக்கரம் ஒன்று எஞ்சினின் பக்கத்தில் மெதுவாகச் சுழலவிடப்பட்டது. சக்கரத்தின் ஒரு பாதி புகையின் வழியில் நின்று சூடேறும். அதே பாதி சுழன்று மறுபுறம் வந்ததும், ஏறிய சூட்டைக் குளிர்ந்த காற்றிடம் கொடுத்துவிட்டு மீண்டும் புகைப்பக்கம் திரும்பும். எஞ்சினின் தண்டு நிமிடத்துக்கு 44,000 சுற்றுகளைக் கடக்கும்போது இந்தச் சக்கரம் அதே நிமிடத்தில் இருபது சுற்று அளவில்தான் நகரும். நெருக்கப்பட்ட காற்று ஒரு பக்கம், வெளியேறும் புகை மறுபக்கம் என்று இருக்க, சுழன்றுகொண்டே இருக்கும் சக்கரத்தின் மீது அவையிரண்டும் கலந்துவிடாமல் தடுக்கும் அடைப்பான்களை உருவாக்கியது, அன்றைய பொறியியலின் கடினமான வேலைகளுள் ஒன்று. டர்பைன் கார் வரலாற்றில் உரிய பெருமை பெறாமல் போன சாதனையும் அதுவே. 1956இல் இந்த அமைப்போடு பிளிமத் கார் ஒன்று நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிச் செல்லப்பட்டபோது, லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் கிடைத்தது. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய பெரிய அமெரிக்கக் கார்களின் அளவுக்கு அது நெருங்கிவிட்டது.

1963இல் கிரைஸ்லர் செய்தது அதற்கு முன்னும் பின்னும் எந்த நிறுவனமும் செய்யத் துணியாத ஒன்று. இத்தாலியின் கீயா பட்டறையில் உடற்கூடு செய்யப்பட்ட, செம்புநிறம் பூசிய 50 டர்பைன் கார்களைப் பொதுமக்களிடம் மும்மூன்று மாதங்களுக்கு இலவசமாக ஒப்படைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்தது. 1963 அக்டோபர் முதல் 1966 ஜனவரி வரை 133 நகரங்களைச் சேர்ந்த 203 பேர் அவற்றைக் கடைக்கும் வேலைக்கும் பயணத்துக்கும் ஓட்டினர். மொத்த ஓட்டம் 16 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. எஞ்சினின் திறன் 130 குதிரைத்திறன்தான் என்றாலும், நின்ற நிலையில் அது தந்த முறுக்குவிசை 576 நியூட்டன் மீட்டர். அன்றைய மிகப்பெரிய எட்டு உருளை எஞ்சின்களுக்கு ஈடானது அது. சாவியைத் திருப்பியதும் குலுக்கலோ உறுமலோ இல்லாமல், தொலைவில் நிற்கும் ஜெட் விமானத்தின் மெல்லிய சீழ்க்கையொலி மட்டும் எழுந்து உயரும். முகப்புப் பலகையில் சுற்றுகளைக் காட்டும் முள்ளோடு டர்பைனின் சூட்டைக் காட்டும் முள்ளும் மேலேறும். நிமிடத்துக்கு 20,000 சுற்று அளவில் முள் நிலைகொண்டால் எஞ்சின் ஓய்வுநிலையில் இருக்கிறது என்று பொருள். மெக்ஸிகோவில் டெக்கீலா மதுவை ஊற்றியும் அது ஓட்டிக் காட்டப்பட்டது. அமெரிக்காவின் எந்த பெட்ரோல் நிலையத்திலும் தாராளமாகக் கிடைத்த, ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஒவ்வாத எரிபொருளாக அமைந்தது. ஈயம் சூடான இறக்கைகளின்மேல் படிந்துவிடும்.

ஓட்டியவர்கள் மென்மையையும் குளிர்காலத்தில் உடனே கிளம்பும் பண்பையும் பாராட்டினர். எரிபொருள் செலவையும் ஒரு தாமதத்தையும் குறை கூறினர். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எரிபொருள் கூடுகிறது, ஆனால் முதல் தண்டு தன் சுமையோடு வேகம் பிடித்துக் காற்றைக் கூட்டுவதற்கு ஒன்று முதல் ஒன்றரை நொடி பிடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் ஒன்றரை நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். முந்திச் செல்ல எண்ணி மிதியை அழுத்தியவருக்கு அந்த 25 மீட்டர் மிக நீண்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆய்வு முடிந்ததும், தொடக்கத்தில் செய்த மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 55 கார்களில் 46 அழிக்கப்பட்டன; எஞ்சிய 9 மட்டுமே இன்றும் இருக்கின்றன. ஒரு தலைமுறையின் உழைப்பை நசுக்கி இரும்புக்கழிவாக்கிய அம்முடிவை, எத்தகைய கணக்கியல் காரணம் சொன்னாலும், ஏற்பது கடினம். அதன்பின் வந்த மாசுக்கட்டுப்பாடு மற்றொரு தடையாயிற்று: டர்பைன் கரிப்புகையைக் குறைவாகவே விட்டாலும், வெப்பப் பரிமாற்றியால் சூடேறிய காற்றில் தீ மேலும் கொதிப்போடு எரிய, காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறியது. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடே மாசைக் கூட்டியது. 1970களின் இறுதியில் நிறுவனம் கடும் பணநெருக்கடியில் சிக்கியபோது டர்பைன் திட்டமும் முடிவுக்கு வந்தது.

பந்தயத் தடங்களில் நிலைமை வேறு. அங்கே சிக்னல் இல்லை, எரிபொருள் செலவு முதற்கவலை அன்று. பிரான்ஸின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை நடத்துவோர், சராசரியாக மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி 3,600 கிலோமீட்டரைக் கடக்கும் முதல் டர்பைன் காருக்குப் பரிசு அறிவித்திருந்தனர். ரோவரும் பிஆர்எம் பந்தய நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கார், போட்டிக் கணக்கில் சேராத தனிக் காராக, 00 என்ற எண்ணைத் தாங்கி 1963இல் களமிறங்கியது. கிரஹாம் ஹில்லும் ரிச்சி கின்தரும் மாறி மாறி ஓட்டிய அது மணிக்கு ஏறத்தாழ 173 கிலோமீட்டர் சராசரியில் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பரிசை வென்றது. தரவரிசையில் சேர்த்திருந்தால் எட்டாம் இடம் பெற்றிருக்கும். ஆனால் லிட்டருக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டரே. 1965இல் மூடிய உடற்கூட்டோடும், பீங்கானால் செய்த சுழலும் வெப்பப் பரிமாற்றிகளோடும் அதே கார் திரும்பி வந்தது. கிரஹாம் ஹில்லுடன் இம்முறை இளைஞர் ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டினார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்ட மண்துகள்கள் இறக்கைகளைச் சேதப்படுத்த, எஞ்சின் அளவுமீறிச் சூடேறாதபடி திறனைக் குறைத்தே மீதி நேரம் முழுவதும் ஓட்ட வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் கார் முழுப் பந்தயத்தையும் முடித்துப் பத்தாம் இடம் பெற்றது. லிட்டருக்குக் கிடைத்த தொலைவும் ஏறத்தாழ இரு மடங்காகி ஐந்து கிலோமீட்டரை நெருங்கியது.

டர்பைனுக்கு இயல்பாகவே பொருந்திய தடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். ஒரே திசையில் நான்கு வளைவுகள் மட்டும் கொண்ட 4 கிலோமீட்டர் நீளமுள்ள நீள்வட்டத் தடம் அது. வேகம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. 1967இல் ஆண்டி கிரனடெல்லி அங்கே கொண்டுவந்த எஸ்டிபி டர்போகாரில், பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் விமான டர்பைன் ஓட்டுநரின் இடப்பக்கத்தில், அவர் தோளோடு தோளாகப் படுத்திருந்தது. அதன் 550 குதிரைத்திறனும் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மற்ற கார்களின் காதைப் பிளக்கும் முழக்கத்துக்கு நடுவே ஓசையடங்கி வழுக்கிக்கொண்டு போன அந்தக் காரில் பார்னெல்லி ஜோன்ஸ், 200 சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் 171 சுற்றுகள் முன்னிலை வகித்தார். 196 சுற்றுகள் முடிந்து, நான்கே சுற்றுகள் எஞ்சியிருந்தபோது கியர்பெட்டிக்குள் ஒரு பேரிங் உடைந்து கார் செயலிழந்தது. அந்த பேரிங்கின் விலை ஆறே டாலர் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. வெற்றி ஏ.ஜே. ஃபாய்ட்டுக்குப் போயிற்று. டர்பைனில் ஒரு குறையும் நேரவில்லை. பிஸ்டன் காரிலும் உடையக்கூடிய ஒரு சாதாரண பேரிங்தான் உடைந்தது.

பந்தயத்தை நடத்திய அமைப்பு உடனே விதியை மாற்றியது. பிஸ்டன் எஞ்சினின் அளவை அதன் உருளைகளின் கொள்ளளவால் கட்டுப்படுத்தலாம். டர்பைனுக்கு அப்படியொரு கொள்ளளவு கிடையாது. அது எவ்வளவு காற்றை விழுங்குகிறதோ அவ்வளவே அதன் திறன் என்பதால், காற்று நுழையும் வளைய வடிவ வாயின் பரப்பே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 155 சதுர சென்டிமீட்டராக இருந்த அந்த வரம்பு 103ஆகக் குறைக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு மூச்சு அடைக்கப்பட்டது என்று சொல்லலாம். அதற்கும் அசராமல் 1968இல் கிரனடெல்லி லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மனோடு கைகோத்தார். மாரிஸ் ஃபிலிப் வடிவமைத்த லோட்டஸ் 56, மரம் பிளக்கும் ஆப்பைப் போல முன்னே மெலிந்து பின்னே உயர்ந்த வடிவில் காற்றைக் கிழித்துச் சென்றது. அந்த ஆப்பு வடிவம் பின்னாளில் பந்தயக் கார்களின் பொது வடிவமாகிவிட்டது. பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் மைக் ஸ்பென்ஸ் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகும் மூன்று கார்கள் பந்தயத்தில் கலந்துகொண்டன. ஜோ லெனார்ட் தகுதிச்சுற்றில் மணிக்கு 276 கிலோமீட்டர் என்ற புதிய சாதனையோடு முதலிடத்தைப் பிடித்தார். பந்தயத்தில் ஒன்பது சுற்றுகள் எஞ்சியிருக்க, முன்னிலையில் இருந்த அவரது எஞ்சினில், எரிபொருள் பம்பை இயக்கும் தண்டு உடைந்து தீ அணைந்தது. ஆர்ட் பொல்லார்டின் காரும் அதே வேளையில் அதே பழுதால் நின்றது. பாபி அன்சர் வென்றார். அடுத்து வந்த விதிகள் காற்று வாயை மேலும் சுருக்கி, இண்டியானாபொலிஸில் டர்பைனின் கதையை முடித்துவைத்தன.

அதே 1968இல் ஹோமெட் டிஎக்ஸ் என்னும் டர்பைன் கார் ஹன்ட்ஸ்வில்லிலும் மார்ல்பரோவிலும் நடந்த சிறிய பந்தயங்களில் முதலிடம் பெற்றது. அதிகம் பேசப்படாவிட்டாலும், டர்பைன் கார் வென்ற முதல் பந்தயங்கள் அவை. வளைவுகள் மிகுந்த ஃபார்முலா ஒன் தடங்களிலோ பழைய தாமதம் மீண்டும் தலைதூக்கியது. 1971இல் லோட்டஸ் 56பி களமிறங்கியபோது, வளைவை விட்டு வெளியேறும் இடத்தில் திறன் கிடைக்க வேண்டுமென்றால் வளைவின் நடுவிலேயே ஓட்டுநர் மிதியை அழுத்தியாக வேண்டியிருந்தது. காலை எடுத்தால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பிஸ்டன் எஞ்சினின் இயல்பு டர்பைனுக்கு இல்லாததால், வேகத்தைக் குறைக்கும் சுமை முழுவதையும் பிரேக்குகளே தாங்கின. மழையில் நனைந்த சாண்ட்வோர்ட் தடத்தில், மென்மையான திறனும் நான்கு சக்கர இயக்கமும் கைகொடுக்க, டேவ் வாக்கர் ஐந்தே சுற்றுகளில் 22ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு முன்னேறி, அதன்பின் தடத்தை விட்டு விலகி மோதினார். அதிவேகத் தடமான மோன்சாவில் எமர்சன் ஃபிட்டிபால்டி பெற்ற எட்டாம் இடமே ஃபார்முலா ஒன்னில் டர்பைன் கண்ட உச்சம்.

வேகம் மாறத் தேவையே இல்லாத இடங்களில் டர்பைனின் ஆட்சி நீடித்தது. 1964 ஜூலை 17 அன்று ஆஸ்திரேலியாவின் அயர் உப்பேரியில் டொனால்ட் கேம்பெல், புரோட்டியஸ் டர்பைன் நான்கு சக்கரங்களையும் சுழற்றிய புளூபேர்ட் காரில் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தார். 2001இல் போனவில்லில் டான் வெஸ்கோ டர்பினேட்டர் காரில் 737 கிலோமீட்டரை எட்டினார். இவை ஜெட் புகையின் உந்துதலால் ஓடியவை அல்ல, சக்கரத்தைச் சுழற்றி ஓடியவை. காரிலேயே அப்படியொரு மாறாத ஓட்டத்தை ஏற்படுத்தித் தரும் முயற்சியும் நடந்தது: டாட்டா மோட்டார்ஸின் உடைமையான ஜாகுவார் 2010இல் காட்டிய சி-எக்ஸ்75 மாதிரிக் காரில், இரண்டு சிறிய டர்பைன்கள் மின்சாரம் உண்டாக்கும் வேலையை மட்டும் செய்தன, சக்கரங்களை மின்மோட்டார்கள் சுழற்றின. பின்னர் ஓட்டத்துக்கு வந்த அதன் மாதிரிகளில் டர்பைனுக்குப் பதில் பிஸ்டன் எஞ்சினே பொருத்தப்பட்டது.

ஆயினும் டர்பைன் காரை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. லோட்டஸ் 56பி மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1977 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் ரெனோ நிறுவனம் டர்போசார்ஜர் பொருத்திய முதல் ஃபார்முலா ஒன் காரைக் களமிறக்கியது. ஒரே தண்டில் ஒரு முனையில் அமுக்கி, மறுமுனையில் டர்பைன். எரிகலன் இருந்த இடத்தில் பிஸ்டன் எஞ்சின் என்று எண்ணிப் பார்த்தால், டர்போசார்ஜர் எதன் உறவு என்பது விளங்கும். புகை டர்பைனைச் சுழற்ற, டர்பைன் அமுக்கியைச் சுழற்ற, அமுக்கி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரங்கள், இன்று சாலையில் ஓடும் ஏறத்தாழ ஒவ்வொரு டீசல் காரிலும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் கடந்து சுழல்கின்றன. லாரியை முந்த எண்ணி ஓட்டுநர் மிதியை அழுத்தியதும், கார் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாய்கிறது; ஓட்டுநர்கள் டர்போ லேக் என்று சொல்லும் அந்தத் தயக்கம், கிரைஸ்லரின் 203 பேரும் அனுபவித்த அதே தயக்கந்தான், சுழல்தண்டு தன் வேகத்தை எட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்.